பெரிய நாயும் குட்டி நாயும் ஒரே வீட்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீமா லாப்ரடார், 34 கிலோ. மிளகு பொமரேனியன், 3 கிலோவை ஒட்டி. அவன் வயிற்றில் இவள் தலையை வைத்துத் தூங்குவாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் “என்ன ஒற்றுமை பாருங்க!” என்பார்கள். முதல் ஒன்றரை வருடம் நானும் அதையேதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வாசல் மணி அடித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கதவை நோக்கிப் பாய்ந்தன. குறுகலான நடை. பீமா திரும்பிய வேகத்தில் அவன் பின்பக்கம் இடித்து, மிளகு சுவரோரம் போய் விழுந்து ‘கீச்’ என்று கத்தினாள். அந்தச் சத்தம் கேட்டதும் பீமாவின் வால் நின்றது. காதுகள் முன்னால் வந்தன, திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது, பார்வை அவள் மேல் குத்திட்டு நின்றது. இரண்டு நொடிதான் இருக்கும். நான் பதறிப்போய் மிளகைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். அவன் எகிறி என் தோளில் இரண்டு கால்களையும் ஊன்றி அவளை எட்டப் பார்த்தான். நல்லவேளை, என் கையில் நகக் கீறலோடு போயிற்று.

பீமாவுக்குக் கோபமே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஐந்து நிமிடம் கழித்து அவள் காதை நக்கிக்கொண்டிருந்தான்.

“ரெண்டும் சண்டையே போடாது” என்று நம்பி விடுவது

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு இது. பெரிய நாயையும் குட்டி நாயையும் சேர்த்து வளர்ப்பவர்கள் குணத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது எடையை. பத்து மடங்கு எடை வித்தியாசம் இருக்கும் இடத்தில் பகை வேண்டியதில்லை, ஒரு துள்ளல் போதும். 30 கிலோ நாய் குஷியில் முன்னங்காலைத் தூக்கி இன்னொரு 30 கிலோ நாய் மேல் போட்டால் அது விளையாட்டு. அதே கால் 3 கிலோ நாயின் முதுகில் விழுந்தால் நேராக மருத்துவமனைதான்.

அப்புறம் அந்த ‘கீச்’ சத்தம். சின்ன உருவம், வேகமான ஓட்டம், மெல்லிய அலறல் மூன்றும் சேரும்போது, விளையாடிக்கொண்டிருந்த நாய்க்குள் வேட்டை விழித்துக்கொள்ளலாம். நாய்ப் பயிற்சியாளர்கள் இதை ‘பிரிடேட்டரி டிரிஃப்ட்’ என்பார்கள். கெட்ட நாய்க்குத்தான் இப்படி ஆகும் என்றில்லை. பழக்கமான, சாதுவான நாய்க்கும் ஆகும். பெரும்பாலான வீடுகளில் ஒருமுறைகூட நடக்காமலே போகலாம். ஆனால் நடந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

அப்படி நடந்துவிட்டால் பலரும் செய்யும் அடுத்த தவறு, காயத்தை வெளியே தெரியும் அளவை வைத்து எடைபோடுவது. பெரிய நாய் சின்ன நாயின் முதுகையோ மார்பையோ கவ்வினால் பெரும்பாலும் உதறவும் செய்யும். வெளியே இரண்டு சின்னப் பல் தடம்தான் தெரியும். உள்ளே தோல் தசையிலிருந்து பிரிந்திருக்கலாம், விலா எலும்பு உடைந்திருக்கலாம், நுரையீரல் அடிபட்டிருக்கலாம். சின்ன நாயும் எழுந்து நடக்கும், வாலைக்கூட ஆட்டும். “ஒண்ணுமில்ல, லேசாதான் பட்டிருக்கு” என்று மஞ்சளோ மருந்தோ தடவிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த மணி நேரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய காயம் இது.

பக், ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கண்குழி ஆழமில்லாததால், தலையிலோ கழுத்திலோ ஓர் அழுத்தம் விழுந்தாலே கண் பிதுங்கி வெளியே வந்துவிடலாம். வந்துவிட்டால் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் ஈரம் காயாமல் மூடிக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

தனியாக விட்டுவிட்டு வெளியே போவது

“நாங்க இல்லாதப்ப ரெண்டும் தூங்கிட்டுதான் இருக்கும்.” இருக்கலாம். ஆனால் தபால்காரர் வருவார், பட்டாசு வெடிக்கும், எங்கிருந்தோ ஒரு பூனை ஜன்னல் ஓரம் நடக்கும். இரண்டும் ஜன்னலுக்கு வெளியே இருப்பதைப் பார்த்துக் குரைக்கும், அதைப் பிடிக்க முடியாத எரிச்சலில் பெரியது பக்கத்தில் இருப்பதன் மேல் திரும்பும். பிரித்துவிட ஆளில்லாத வீட்டில் இது நடக்கக்கூடாது.

வீட்டில் ஆள் இல்லையென்றால் தனித்தனி அறை, அல்லது நடுவில் தடுப்புக்கதவு. எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. தடுப்புக்கதவு வாங்கும்போது கம்பிகளுக்கு நடுவே குட்டியின் தலை சிக்குமா என்று பாருங்கள். அடியில் சின்ன நாய் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல் இருக்கிற வகையும் உண்டு. நாம் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு அது அருமையானது: விளையாட்டு மிஞ்சினால் சின்னது தானாக அந்தப் பக்கம் போய்விடும். தப்பிக்க வழி தெரிந்த சின்ன நாய் அவ்வளவாகக் கத்துவதும் இல்லை, கடிப்பதும் இல்லை.

தூக்கிப் பிடிப்பது

நான் செய்தது. கை தானாகவே போகும், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மேலே போகிற பொருள் நாய்க்குப் பந்து மாதிரிதான். எகிறிப் பிடிக்கத் தோன்றும். இரண்டு நாய்க்கும் நடுவில் நம் கையும் முகமும் மாட்டிக்கொள்ளும். தினமும் இதையே செய்தால் சின்னதும் ஒன்று கற்றுக்கொள்ளும்: பெரிய நாய் என்றாலே பயப்பட வேண்டிய விஷயம் போல. மடியில் உட்கார்ந்தபடியே உறுமத் தொடங்கும்.

சின்னதைத் தூக்குவதைவிடப் பெரியதை நகர்த்துவது மேல். நடுவில் போய் நில்லுங்கள், பெரியதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அதற்குப் பிடித்ததை எதிர்த்திசையில் எறியுங்கள். இது நெருக்கடியில் வேலை செய்ய வேண்டுமென்றால் சும்மா இருக்கும் நாட்களில் பழக்கியிருக்க வேண்டும். பீமாவுக்கு இப்போது வாசல் மணி என்றால் அவன் பாய்க்குப் போய் உட்கார வேண்டும் என்று அர்த்தம். பழக்க ஆறு வாரம் ஆயிற்று. முதல் வாரம் மணி அடித்தது முழுக்க நானேதான், அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்களோ தெரியாது.

உண்மையாகவே கடித்துக்கொண்டிருந்தால் வாய்ப்பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள். கனமான போர்வையைப் போடுங்கள், இடையில் பலகையோ நாற்காலியோ செருகுங்கள், பெரிய சத்தம் எழுப்புங்கள்.

குட்டிதானே என்று எல்லாவற்றையும் சிரித்துக் கடத்துவது

பெரிய நாய் சோபாவில் ஏறினால் அதட்டல். குட்டி நாய் ஏறினால் போட்டோ. பெரியது ஆள்மேல் பாய்ந்தால் பயிற்சி வகுப்பு, சின்னது பாய்ந்தால் கொஞ்சல். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலும் இதுதான் தெரிந்தது: சிறிய நாய் வைத்திருப்பவர்கள் நாயிடம் நடந்துகொள்வதில் சீர் குறைவு, பயிற்சியும் குறைவு, அந்த நாய்களிடம் பதற்றமும் சீற்றமும் அதிகம்.

எங்கள் வீட்டில் மிளகு செய்யும் அராஜகம் கொஞ்சநஞ்சமில்லை. பீமாவின் பாய் நடுவில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவன் வந்தால் உதட்டைச் சுருட்டி அரிசிப் பல்லைக் காட்டுவாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டு, உதட்டை நக்கி, தரையில் படுத்துவிடுவான். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தலையைத் திருப்புவதும், உதட்டை நக்குவதும், கொட்டாவி விடுவதும் “என்னை விட்டுடு” என்று நாய் சொல்லும் விதம். இதை நூறு தடவை கண்டுகொள்ளாமல் விட்டால், நூற்றியோராவது தடவை அது உறுமும். அப்போது ஓடி வந்து பெரியதைத் திட்டுகிறோம். உறுமக்கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேரே கடிக்கும். உறுமலுக்கு நன்றி சொல்லி, சின்னதைக் கூப்பிட்டு அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். வீட்டுச் சட்டம் இரண்டு நாய்க்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கூட்டத்தில் ‘தலைவன்’ யார் என்று முடிவாகட்டும், நாம் தலையிடக்கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. ‘ஆல்ஃபா ஓநாய்’, அதாவது சண்டையில் ஜெயித்துத் தலைவனாகும் ஓநாய், என்ற பேச்சைப் பரப்பியதில் பங்கிருந்த டேவிட் மீச் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் எழுதிவிட்டார். 34 கிலோவும் 3 கிலோவும் “அடிச்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும்” என்று விடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

பெரிய இனத்துக் குட்டியைக் குட்டியாகவே நினைப்பது

வீட்டில் ஏற்கெனவே வளர்ந்த சின்ன நாய் இருக்கிறது, புதிதாகப் பெரிய இனத்தில் ஒரு குட்டி வருகிறது. வரும் நாளில் இரண்டும் ஒரே அளவு. நான்கே மாத வயதில் லாப்ரடார் குட்டி 15 கிலோவை நெருங்கிவிடும், மூளை மட்டும் அதே பச்சைக் குழந்தை. பழகிய வளர்ந்த பெரிய நாய்க்குத் தன் பலம் தெரியும். சின்னதோடு விளையாடும்போது தானே மல்லாந்து படுத்து இடம் கொடுக்கும். குட்டிக்கு அந்தப் பிரேக் கிடையாது. அதனால் ஆபத்தான காலம் குட்டி வந்த முதல் வாரம் அல்ல, நாலாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை. அந்தக் காலத்தில் விளையாட்டை நாம்தான் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தியதும் சின்னது திரும்பப் பெரியதிடம் ஓடினால் சரி, தொடரட்டும். சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

முதல் அறிமுகத்தை வீட்டு நடையில் மூக்கோடு மூக்கு வைத்து நடத்தாமல், வெளியே இரண்டையும் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்க வைத்து, அப்புறம் வீட்டுக்குள் கூட்டி வாருங்கள்.

சாப்பாட்டையும் மருந்தையும் பொதுவாக்குவது

எடை பத்து மடங்கு என்றால் சாப்பாடும் பத்து மடங்கு என்று நினைப்போம். அப்படியில்லை. சும்மா படுத்திருக்கவே 3 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 160 கலோரி வேண்டும். 30 கிலோ நாய்க்குச் சுமார் 900. அதாவது ஐந்தரை மடங்கு சொச்சம்தான். கிலோவுக்கு இவ்வளவு என்று பொதுவாக அளந்தால் ஒன்று கொழுக்கும், அல்லது மற்றது வாடும். பெரியதன் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் ஒரு பிடி, பெரியதுக்குக் கணக்கிலேயே வராது; சின்னதுக்கு அது நாளின் மூன்றில் ஒரு பங்கு. மிளகு ஒருகாலத்தில் நாலு கிலோவைத் தொட்டது இப்படித்தான்.

பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினால் எலும்பு வளர்ச்சி கோணும், அதனால் அவற்றுக்கென்றே உள்ள தீனி வேண்டும். மிகச் சிறிய இனக் குட்டிகளோ சில வேளை பட்டினி கிடந்தாலே சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். ஒரே பையிலிருந்து இரண்டுக்கும் போடுவது நடக்காத காரியம். தனித்தனி அறையில் வையுங்கள், முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். போட்டிக்கு ஆள் இருந்தால் பெரியது அள்ளி விழுங்கும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி ஆழமான மார்புள்ள நாய்களுக்கு அவசரமாக விழுங்குவது வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டும். அது உயிர் போகிற நோய்.

பொம்மையிலும் இதே கணக்கு, தலைகீழாக: சின்னதன் பந்து பெரியதன் தொண்டையில் போய் அடைக்கும். இரண்டுக்கும் ஒரே பந்து என்றால் பெரியதன் வாய்க்கு ஏற்ற அளவே வாங்குங்கள்.

உண்ணி மாத்திரை, குடற்புழு மருந்து எல்லாம் எடையை வைத்து அளப்பவை. பெரியதுக்கு வாங்கியதைக் கத்தியால் வெட்டிச் சின்னதுக்குக் கொடுக்காதீர்கள்.

இனச்சேர்க்கை நடக்காது என்று இருந்துவிடுவது

உயரம் எட்டாது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஆண் பெரியதாகவும் பெண் சின்னதாகவும் இருந்தால், குட்டி பிறப்புவழியைவிடப் பெரிதாகி, தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். சின்ன இனப் பெண் நாய் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். கருத்தடை பற்றி அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

ஒரே கயிற்றில் இரண்டையும் நடத்துவது

ஒரு கொக்கியில் இரண்டு நாயைப் பிணைக்கும் கயிறு கடைகளில் கிடைக்கிறது. சம எடை நாய்களுக்குச் செய்தது அது. பெரியது ஒரு அணிலைப் பார்த்து இழுத்தால் சின்னதன் கழுத்து என்ன ஆகும்? பொமரேனியன், யார்க்‌ஷைர் டெரியர், சிவாவா இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து சுருங்கும் தொல்லை வேறு அதிகம். கழுத்துப் பட்டையில் இழுபட்டால் வாத்து கத்துவது போல இருமும். அவற்றுக்கு மார்பில் மாட்டும் ஹார்னஸ்தான் சரி. கயிறும் தனி, முடிந்தால் நடையும் தனி. பெரியது எடுத்துவைக்கும் ஓரடிக்குச் சின்னது நாலைந்து அடி ஓடுகிறது.

இரண்டுக்கும் ஒரே வேகத்தில் வயதாகும் என்று நினைப்பது

இதை நான் மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். சின்ன இனங்கள் பதினான்கு, பதினைந்து வயதுவரை சாதாரணமாக இருக்கும். கிரேட் டேனுக்கு எட்டு வயதே முதுமை. ஒரே வருடம் பிறந்திருந்தாலும் பெரியது கிழமாகும்போது சின்னது நடுவயதில் துள்ளிக்கொண்டிருக்கும்.

பீமாவுக்கு இப்போது பத்து வயது. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, எழுந்திருக்க நேரமாகிறது. மிளகு அவன் முதுகின் மேல் குதித்து ஜன்னல் விளிம்புக்கு ஏறுகிறாள், காதைப் பிடித்து இழுக்கிறாள். முன்பெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டவன் சென்ற மாதம் முதல்முறையாக உறுமினான். வலிக்கிற நாய்க்குப் பொறுமை குறையும், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்காக வாங்கிய தடுப்புக்கதவின் திட்டிவாசலைப் பூட்டிவிட்டேன். இப்போது மத்தியானத்தில் அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுத்திருப்பவன் பீமாதான். கம்பிக்கு இந்தப் பக்கம் மிளகு உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.