கிராமியச் சுற்றுலா: தலைகளை எண்ணிப் பயனில்லை

ஒரு கிராமத்தில் சுற்றுலா தொடங்கினால், அடுத்த வருடமே எல்லோரும் கேட்பது "எத்தனை பேர் வந்தார்கள்?" என்றுதான். வந்தவர்கள் கொடுத்த பணத்தில் ஊருக்குள் எவ்வளவு தங்கியது என்று கேட்க ஆளில்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது.

ஒரு விருந்தினரின் பணத்துக்குப் பின்னாலேயே போய்ப் பாருங்கள். முன்பதிவு செய்த இணையதளம் முதலில் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். விடுதிக்காரர் வெளியூர் என்றால் லாபம் அவரோடு போய்விடும். மிச்சம் சமையலறைக்கு வரும். ஜன்னலுக்கு வெளியே கோழி மேய்கிறது, பக்கத்துத் தொழுவத்தில் மாடு நிற்கிறது. ஆனால் முட்டையும் பாலும் விடிகாலையில் நகரத்திலிருந்து வேனில் வந்து இறங்கும்! இதில் விடுதிக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தினமும் ஒரே அளவில், ஒரே தரத்தில், பில்லோடு சரக்கு வேண்டும். ஊரில் இருப்பதோ பத்து வீடுகளில் ஐந்தும் ஆறுமாக. அதைச் சேர்த்து, தரம் பார்த்து, நேரத்துக்குக் கொடுக்க ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவை அமைக்காமல் அறைகளைக் கட்டுவதுதான் நான் பெரிய தவறாக நினைப்பது. இப்படி வெளியேறும் பணத்தைச் சுற்றுலாப் பொருளாதாரத்தில் 'கசிவு' என்கிறார்கள்.

அடுத்தது, விவசாயத்தை விட்டுவிட்டு முழுதாக விருந்தினர்களை நம்பி இறங்குவது. இத்தாலி 1985-இல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. விவசாயம்தான் முதல் தொழில், விருந்தினர்களைத் தங்கவைப்பது அதற்குத் துணைத்தொழில் என்பது அதன் அடிப்படை. வயல் காய்ந்துபோன பண்ணையைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? 2020-இல் பயணங்கள் ஒரேயடியாக நின்றபோது, வேறு வருமானமே இல்லாத ஊர்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும்.

பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊர் எல்லையில் புதுக் கட்டடம் எழுப்புவதும் வேண்டாம். 1976 நிலநடுக்கத்துக்குப் பிறகு, இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் ஆளில்லாத வீடுகளைச் சீரமைத்துப் பயணிகளுக்குத் தரலாம் என்று யோசித்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் 'பரவிய விடுதி' முறை. வரவேற்பறை ஒன்றுதான், அறைகள் ஊரெங்கும் வெவ்வேறு வீடுகளில். விருந்தினர் தெருவில் நடந்துதான் ஆகவேண்டும் என்பதால் வழியிலுள்ள கடைகளிலும் வியாபாரம் நடக்கும்.

அப்புறம், கூட்டத்துக்கு உச்சவரம்பு வைக்காதது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் குடியிருப்பவர்கள் சுமார் 800 பேர். சீசனில் சில நாட்களில் 10,000 பேர் வரை வந்து போகிறார்கள். பேருந்தில் வந்து படம் எடுத்துக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிடுபவர்களால் ஊருக்குக் குப்பையும் நெரிசலும்தான் அதிகம் மிஞ்சும். 2023-இல் அந்த ஊர் மக்களே வரம்பு கேட்டுப் போராடினார்கள். ஜப்பானின் ஷிரகாவா-கோ கிராமத்தில் குளிர்கால விளக்கு அலங்காரத்தைப் பார்க்க 2019 முதல் முன்பதிவு கட்டாயம். கூட்டம் வருவதற்கு முன்பே வரம்பு வைப்பது எளிது. வந்த பிறகு வைத்தால், அதற்குள் கடன் வாங்கிக் கடை போட்டவர்களே எதிர்ப்பார்கள்.

எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, ஊராரிடம் கடைசியில் போய்க் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. இதற்கு மாறாக, ஆப்பிரிக்க நாடான நமீபியாவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால், சமூகக் கூட்டுரிமை நிலங்களில் வாழும் மக்கள் தாங்களே அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு வனவிலங்குகள், சுற்றுலா மீதான உரிமையைப் பெற முடிந்தது. அதனால் விடுதி நிறுவனங்களோடு அவர்களே பேரம் பேசுகிறார்கள்.

ஊர் அளவில் சரியாக நடந்தாலும் வீட்டுக்குள் ஒன்று தவறிவிடும். விருந்தினருக்குச் சமைப்பது, போர்வை துவைப்பது, அறை கூட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். பணம் வரவாகும் வங்கிக் கணக்கோ கணவர் பெயரில் இருக்கும். முதல் விருந்தினர் வருவதற்கு முன்பே அந்தப் பெண்ணின் பெயரில் கணக்கைத் திறந்துவிடுங்கள். பணம் வரத் தொடங்கிய பிறகு பெயரை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.