மறுக்கக்கூடியவரிடம் விசுவாசத்தைப் பேசுவது எப்படி?

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒருவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர், அந்தப் பேச்சு இவ்வூர்களுக்குப் புதிதல்ல என்பதை அறிந்திருக்க வேண்டும். கடலூரில் 1740 முதல் கீர்நாந்தர் என்னும் சுவீடன் நாட்டு மிஷனரி ஊழியம் செய்தார். புதுச்சேரியின் நினைவோ கசப்பானது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட நாட்களில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் ஆட்சியில், சம்பா கோவில் என்னும் கத்தோலிக்கத் தேவாலயத்தை அடுத்திருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். "எங்கள் கோயிலை இடித்தவர்கள்தானே நீங்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டால், பிரெஞ்சுக்காரர்கள் மேல் பழியைப் போட்டு நழுவ வேண்டாம். அது நடந்தது, அது தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகே மேற்கொண்டு பேச முகம் இருக்கும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சொற்கள். சபைக்குள் நாம் பழகிய தமிழ் வேறு, பக்கத்து வீட்டாரின் தமிழ் வேறு. "சாட்சி சொன்னேன்" என்றால் அவர் நீதிமன்றத்தை நினைப்பார். "அபிஷேகம் பெற்றேன்" என்றால் பாலும் தயிரும் ஊற்றும் பூசையை நினைப்பார். "இரட்சிக்கப்பட்டேன்" என்பது பெரும்பாலும் விளங்காது. இவற்றைவிடப் பெரிய இடையூறு "புறஜாதியார்", "அஞ்ஞானி" போன்ற சொற்கள். வேதாகமத்தில் முதற்சொல் யூதரல்லாதவர்களைக் குறித்தாலும், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட அனுபவமுள்ளவரின் காதில் அது எப்படி விழும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே புறப்படுவதற்கு முன், சொல்ல விரும்புவதை இத்தகைய சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நான் முயன்றபோது மூன்றாவது வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை.

இடமும் நேரமும் பார்த்துப் பேசுவது அவசியம். மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமி தீர்த்தவாரிக்கு வந்திருக்கும் கூட்டத்தில் கைப்பிரதி கொடுப்பது துணிச்சல் அல்ல, விருந்துக்குப் போன வீட்டில் வழக்காடுவதைப் போன்றது. வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் இந்து அன்பர், தம் வேண்டுதலுக்காக வந்தவரே தவிர மதம் மாற வந்தவர் அல்லர். மருத்துவமனைக் கட்டிலின் அருகே ஜெபிக்க விரும்பினால் நோயாளியிடம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் மனத்துக்குள் ஜெபியுங்கள். மருந்தை நிறுத்தும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் பேசவே கூடாது. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம், நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவருக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறது. கேட்கும்படி வாழ்வது நம் வேலை. கேட்பது அவர் விருப்பம்.

உதவியையும் அழைப்பையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். 2004 சுனாமிக்கும் 2011 தானே புயலுக்கும் பிறகு இந்தக் கரையில் நிவாரணம் வாங்காத தெரு குறைவு. "அரிசி மூட்டைக்கு மாறியவர்கள்" என்ற ஏளனம் இன்றும் வழங்குவதால், அரிசி கொடுக்கும் நாளில் அரிசியை மட்டும் கொடுங்கள். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது: அரசமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை அளிக்கிறது; ஆனால் பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. விருப்பம் தெரிவிப்பவரிடமும் இழப்பை மறைக்காதீர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழக்கிறார் என்பதை ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் அறிய நேர்வது அநியாயம்.

மறுப்பு வந்தால் என்ன செய்வது? மாற்கு பத்தாம் அதிகாரத்தில் செல்வந்தன் ஒருவன் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது, பின்னால் ஓடினார் என்று எழுதவில்லை. ஏதென்ஸில் பவுலைச் சிலர் ஏளனம் செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள், சிலர் நம்பினார்கள். பவுல் அங்கிருந்து அமைதியாகப் புறப்பட்டார். நான் அடுத்துச் சொல்வதற்கு என் சபையில் சிலர் முகம் சுளிக்கலாம். திருவதிகையில் திலகவதியார், சமணத்துக்குப் போன தம்பி அப்பரிடம் சண்டைக்குப் போகாமல், தம் தொண்டைச் செய்துகொண்டு வேண்டுதலோடு காத்திருந்தார். கடலூர்க்காரர்கள் சிறுவயது முதல் கேட்ட இந்தக் கதையில், நம்பிக்கை மாறியவரை எப்படி நடத்த வேண்டும் என்பதும் இருக்கிறது, மாறாதவருக்காக எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது.

மறுத்தவர் வீட்டிலிருந்து ஆடி மாதத்தில் கூழ் வரும். படைத்ததை உண்ணலாமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மனச்சாட்சி இடங்கொடுத்தால் குடியுங்கள், இல்லையென்றால் காரணத்தைப் பணிவாகச் சொல்லுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு பின்கட்டில் கொட்டுவது மட்டும் வேண்டாம், அது எப்படியும் தெரிந்துவிடும். டிசம்பரில் நீங்கள் கேக் கொண்டு போகும்போது அதே வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும். அன்று அவராகவே எதையாவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.