ஜாக்கி வைத்துத் தூக்கிய அப்பா வீடு

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் அப்பா கட்டிய செங்கல் வீடு. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் கூடம் வரை வந்துவிடும். இடிக்க மனசு வரவில்லை. ஜாக்கி வைத்து 3 அடி தூக்கினோம்.

சுவருக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, சுவரைத் தாங்க இரும்புச் சேனல் என்ற உத்திரம் கொடுத்து, அதன் கீழே ஜாக்கிகள். விசில் அடித்ததும் எல்லோரும் ஒரே அளவு திருக வேண்டும். அடுப்படி நிலைக்கு மேலே முடி போல ஒரு விரிசல் விழுந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அதற்குமேல் அது வளரவில்லை.

தூக்கியதைவிடத் தண்ணீர்தான் பெரும்பாடு. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கான்கிரீட் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டையே பிளந்துவிடும். கலப்பதற்கு மட்டுமில்லை, கான்கிரீட் இறுகும்வரை நனைத்து வைக்கும் க்யூரிங்குக்கும் லாரித் தண்ணீரே வாங்கினேன். கொத்தனார் மணலை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தது என்று ஒரு லோடைத் திருப்பியே அனுப்பினோம்.

பழைய சுவருக்கு அடியில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட். பொரிந்துபோன சிமெண்ட் பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புதான் பூசினோம். சுவரில் ஊறிய ஈரம் வெளியேற வழி வேண்டுமே.

போன கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.