கம்பைலர் பதிப்பை பில்ட் ஸ்கிரிப்டில் சரியாகக் கண்டறிய

ஜிசிசி (GCC) என்ற சி மொழிக் கம்பைலரிடம் பதிப்பைக் கேட்டு, திரையில் வரும் வரியிலிருந்து எண்ணைப் பிரித்தெடுப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அது நிலையான வழி அல்ல. உபுண்டு 22.04-இல் வரி "ஜிசிசி (உபுண்டு 11.4.0-1உபுண்டு1~22.04) 11.4.0" என்று முடியும். ரெட் ஹாட்டில் "8.5.0 20210514 (ரெட் ஹாட் 8.5.0-4)" என்று வரும். ஒன்றில் கடைசியில் இருக்கும் எண் இன்னொன்றில் நடுவில் இருக்கிறது. பதிப்பை மட்டும் காட்டும் டம்ப்வெர்ஷன் (-dumpversion) விருப்பமும் கைகொடுக்காது: ஜிசிசி 7-க்குப் பிறகு பல லினக்ஸ்களில் அது முதல் எண்ணை மட்டும் தரும்; இன்னொரு கம்பைலரான கிளாங்கின் (Clang) பழைய பதிப்புகளோ 4.2.1 என்றே சொல்லும். மேக்கில் ஜிசிசி என்ற பெயரில் ஓடுவதே கிளாங்தான்.

அந்த வரி மனிதர்கள் படிக்க எழுதப்பட்டது. ஸ்கிரிப்ட் கேட்க வேண்டியது ப்ரீபிராசசரிடம், அதாவது கோப்பில் உள்ள மேக்ரோக்களை (மதிப்பு வைத்த பெயர்களை) அவற்றின் மதிப்பாக மாற்றித் தரும் கம்பைலரின் முதல் கட்டத்திடம்.

முதலில், எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி (CC) மாறியில் உள்ளதைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள். "சிகேச் ஜிசிசி" என்று (சிகேச் என்பது கம்பைல் செய்த முடிவுகளைச் சேமித்து வைக்கும் கருவி) இரண்டு சொற்கள் இருந்தால், மொத்தத்தையும் ஒரே கோப்புப் பெயராக எடுத்து ஸ்கிரிப்ட் விழும்.

அடுத்து ஒரு சிறு சி கோப்பு எழுதுங்கள். அதில் #இஃப் (#if) நிபந்தனைகளின் வரிசைதான் உயிர். கிளாங் தன் மேக்ரோக்களில் தன்னை ஜிசிசி 4.2.1 என்றும் அறிவிக்கும். இன்டெல்லின் புதிய கம்பைலர் தன்னைக் கிளாங் என்றும் அறிவிக்கும். ஆகவே இன்டெல், ஆப்பிள் கிளாங், கிளாங், ஜிசிசி, எம்எஸ்விசி (மைக்ரோசாஃப்டின் கம்பைலர்) என்ற வரிசையில் சோதியுங்கள். ஆப்பிளுக்குத் தனிக் கிளை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஆப்பிள் கிளாங் 15-உம் எல்எல்விஎம் திட்டம் வெளியிடும் மூலக் கிளாங் 15-உம் ஒன்றல்ல. ஒவ்வொரு கிளையிலும் ஓர் அடையாளச் சொல், பிறகு இடைவெளி விட்டு மூன்று பதிப்பு மேக்ரோக்கள். எம்எஸ்விசியில் ஒரே எண் போதும்: விஷுவல் ஸ்டுடியோ 2019-க்கு 1920 முதல் 1929 வரை, 2022-க்கு 1930-இல் தொடக்கம். அடையாளச் சொல்லாக வெறும் "லினக்ஸ்" என்று சிறிய எழுத்தில் எழுதிவிடாதீர்கள். லினக்ஸில் ஜிசிசிக்கு இயல்பாகவே அது ஒரு மேக்ரோ, 1 என்று மாறிவிடும்.

இந்தக் கோப்பை -ஈ, -பி (-E, -P; இரண்டும் பெரிய எழுத்து) விருப்பங்களோடு ஓட்டுங்கள், எம்எஸ்விசிக்கு /ஈபி (/EP). -பி இல்லாவிட்டால் வரி எண் குறிப்புகள் கலந்து வரும். எச்சரிக்கைகள் பிழை வெளியீட்டில் வருவதால், வழக்கமான வெளியீட்டை மட்டும் படியுங்கள். எதையும் இயக்க வேண்டியதில்லை என்பதால், வேறு கணினிக்காகக் கட்டும் கிராஸ் கம்பைலரிலும் இதே முறை செல்லும்.

ஒப்பிடும்போது எண்களாகவே ஒப்பிடுங்கள். எழுத்துகளாக ஒப்பிட்டால் 10 என்பது 9-ஐவிடச் சிறியதாகிவிடும். சிமேக் (CMake) என்ற பில்ட் கருவியில் லெஸ்ஸை (LESS) விட்டு, வெர்ஷன்_லெஸ்ஸைப் (VERSION_LESS) பயன்படுத்துங்கள்.

கண்டறிந்த பதிப்பைச் சேமித்து வைக்கிறீர்கள் என்றால், கம்பைலரின் முழுப் பாதையையும் கோப்பு மாறிய நேரத்தையும் கூடவே சேமியுங்கள். கம்பைலரை மேம்படுத்திய பிறகும் பழைய எண் வருகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தச் சேமிப்புதான்.