குளிர்ந்த காற்றுக்குக் காசு கொடுத்து வெந்த காற்றை வாங்காதீர்கள்

ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி சின்ன பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சினில் முதலில் கை வைக்கத் தோன்றும் இடம் கோல்டு ஏர் இன்டேக்தான், அதாவது குளிர்ந்த வெளிக்காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் வழி. ஒரு குழாய், கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர், நாலைந்து கிளாம்ப், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலரும் யோசிக்காமல் மாட்டிவிடுகிறார்கள்.

கம்பெனி ஃபில்டர் இருக்கும் பழைய ஏர் பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் அதன் வாய் எங்கே போகிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ரேடியேட்டருக்கு மேலே, முன் கிரில்லுக்குப் பின்னால் போய் நிற்கும். அதாவது கம்பெனி கொடுத்ததே ஒரு கோல்டு ஏர் இன்டேக்தான். வெளிக்காற்றைத்தான் அது இழுக்கிறது, அதுவும் தண்ணீர் எளிதில் ஏறாத உயரத்திலிருந்து. இதைவிட நன்றாகச் செய்ய முடிந்தால் மட்டுமே மாற்றுவதில் பொருள் உண்டு.

கடையில் கோல்டு ஏர் என்று சொல்லி விற்கிற பல கிட்டுகளில் ஃபில்டர் பானெட்டுக்குள்ளேயே திறந்தபடி நிற்கும். அது இழுப்பது எஞ்சின் சூட்டிலும் ரேடியேட்டர் சூட்டிலும் வெந்த காற்றை. என் ஸ்விஃப்ட்டில் முதலில் மாட்டியது அந்த வகைதான். வண்டியின் கோளாறுகளையும் அளவுகளையும் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி, போனில் இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பார்த்தேன். மே மாதம், வெளியே 37 டிகிரி. சிக்னல் சிக்னலாக நின்று பத்து நிமிடம் ஊர்ந்த பிறகு 64 காட்டியது. மறுநாள் பழைய பாக்ஸை மாட்டிக்கொண்டு அதே நேரத்தில் அதே வழியில் போனேன். 46-ஐத் தாண்டவில்லை.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.16 கிலோ. 60 டிகிரியில் அது 1.06 கிலோவாகக் குறைந்துவிடும். அதாவது எஞ்சினுக்குப் போகும் ஆக்ஸிஜனில் சுமார் 9 சதவீதம் போய்விட்டது. அது மட்டுமில்லை, காற்று சூடாக இருப்பதைப் பார்த்ததும் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வந்துவிடக் கூடாது என்று எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூ, இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் பிக்கப் குறையத்தான் செய்யும். ஆனால் ஓட்டுபவருக்கு அது தெரியாது. பழைய பாக்ஸோடு சத்தத்தை அமுக்கும் ரெசனேட்டர் அறையும் போய்விட்டதால் எஞ்சின் உறுமுகிறது, உறுமலைக் கேட்டதும் வண்டி பறப்பதாகத் தோன்றுகிறது. சத்தம்தான் வேண்டும் என்றால் அதுவும் நியாயமான ஆசைதான். பவர் வேண்டும் என்றால் ஃபில்டரைச் சுற்றித் தடுப்புத் தகடு வேண்டும். தகட்டின் மேல்விளிம்பில் ரப்பர் பீடிங் ஓடி, பானெட்டை மூடும்போது அதில் படிந்து அமர வேண்டும். கிரில்லிலிருந்து ஒரு டக்ட் அதற்குள் வர வேண்டும். பிறகு அளந்து பாருங்கள். வண்டி ஓடும்போது வெளி வெப்பத்தைவிட ஏழெட்டு டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.

அடுத்த தவறு குழாயின் அளவில். பெரிய குழாய், நிறைய காற்று என்ற கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஏர் பாக்ஸை ஒட்டி, உள்ளே போகும் காற்றைச் சூடான கம்பி ஒன்றால் அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டிகளில், அந்தக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் ஈசியூ காற்றைக் கணக்கிடுகிறது. 60 மி.மீ. இருந்த இடத்தில் 70 மி.மீ. போட்டால் குறுக்குப் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். அதே அளவு காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும். அந்தச் சூடான கம்பியை உரசிப் போகும் வேகம் குறைவதால், வந்த காற்றில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான் வந்ததாக சென்சார் சொல்லும். பெட்ரோலும் அந்தக் கணக்குப்படியே குறையும். மிதமாக ஓட்டும்போது, புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இதை ஓரளவு சரிக்கட்டிவிடும். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல வண்டிகளில் அந்தத் திருத்தம் வேலை செய்யாது. எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டிய அந்த நேரத்தில்தான் கலவை மெலிந்துபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. ஆகவே சென்சார் உட்காரும் துண்டு மட்டுமாவது பழைய விட்டத்திலேயே இருக்க வேண்டும். சென்சாரின் மேல் அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். வளைவை ஒட்டி அதை வைக்காதீர்கள், முன்னால் கொஞ்ச தூரம் நேர்க்குழாய் விடுங்கள்.

எண்ணெய் போடும் காட்டன் ஃபில்டர் என்றால் இன்னொரு சங்கடம். கழுவி, முழுக்கக் காய்வதற்கு முன்பே எண்ணெய் ஊற்றுவது, அதையும் தாராளமாக ஊற்றுவது. மிஞ்சிய எண்ணெய் பறந்து போய் சென்சார் கம்பியில் படியும். அப்புறம் ஐடில் தடுமாறும், மைலேஜ் குறையும். மடிப்புக்கு ஒரு கோடு எண்ணெய் போதும். அது தானாக ஊறும்வரை பொறுத்திருந்து மாட்டுங்கள்.

என்னிடம் பார்க்கச் சொல்லி வந்த வண்டிகளில் நான் அதிகம் கண்டது வேறு ஒன்று. எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரிலிருந்து வரும் ப்ரீதர் ஹோஸை (எஞ்சினுக்குள் சேரும் ஆவிக்கான குழாய்) மாட்டப் புதுக் குழாயில் இடம் இல்லை என்று அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள். அந்த வழியாக, சென்சார் கணக்கில் வராத காற்றும் தூசியும் எஞ்சினுக்குள் போகும். செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேன் செய்தால் பி 0171 என்று வரும். கலவை மெலிந்துவிட்டது என்று அதற்குப் பொருள். இதைப் பார்த்துவிட்டு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிச் செலவு செய்தவர்களும் உண்டு. ப்ரீதருக்கான நிப்பிள் உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள். சென்சாருக்கும், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது திறக்கும் காற்று வால்வான த்ராட்டிலுக்கும் நடுவில் அது சேர வேண்டும்.

கிளாம்பை இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். சிலிகான் ஹோஸ் பிதுங்கும் அளவுக்குத் திருகினால் கிழியும், த்ராட்டில் பாடியின் கழுத்து பிளாஸ்டிக் என்றால் விரிசல் விடும். எஞ்சின் தன் மவுன்ட்டில் ஆடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், உலோகக் குழாயைப் பாடியோடு சேர்த்து இறுக்கமாக போல்ட் போடக் கூடாது. வேலை நடக்கும் நேரம் முழுக்க த்ராட்டில் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். துணியின் ஒரு முனை வெளியே நீளமாகத் தொங்கட்டும், எடுக்க மறக்காது.

இனி தண்ணீர். இதில் செய்யும் தவறுக்கு எஞ்சினையே விலையாகக் கொடுக்க வேண்டிவரும். நல்ல குளிர்காற்று வேண்டும் என்று ஃபில்டரை பம்பருக்குள், ஃபாக் லேம்ப்புக்குப் பின்னால் இறக்கும் கிட்டுகள் இருக்கின்றன. வெயில் காலத்தில் வெப்பநிலை அருமையாகக் காட்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 1200 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 300 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 11-க்கு 1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 30 மில்லிதான். இருமல் மருந்தை ஊற்றிக் குடிக்கும் 15 மில்லி மூடியில் இரண்டு மூடி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஹைட்ரோலாக் என்பது இதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கம்பெனி பாக்ஸோடு இருந்த கார்களே இப்படி வீணாயின. அங்குள்ள அரங்கநாதன் சப்வேயும் துரைசாமி சப்வேயும் ஒரு நாள் பெருமழைக்கே நிரம்பிவிடும். ஃபில்டர் முழங்கால் உயரத்துக்கும் கீழே இருக்கும் வண்டியோடு அங்கே இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ஃபில்டருக்குப் போடும் தண்ணீர் தடுப்பு உறை சாரலுக்குத் தாங்கும், முங்கினால் தாங்காது. நம் ஊர் மழைக்கு ஃபில்டர் பானெட் மட்டத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு டிகிரி கூடினால் கூடட்டும். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தள்ளியோ டோ செய்தோ கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாதாரண இன்ஷூரன்ஸில் இப்படித் தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்கு வழக்கமாகப் பணம் வராது, எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும், இன்டேக் மாற்றியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகலாம். முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் அது முடியும்வரை பொறுப்பதுதான் என் யோசனை.

கழற்றிய ஏர் பாக்ஸைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். போல்ட், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, பாக்ஸுக்குள்ளேயே வைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஐப்பசி பிறந்ததும் நான் அதைத்தான் இறக்கி மாட்டுகிறேன்; தை மாதம்வரை வண்டி அதில்தான் ஓடும்.