எல்ம் போன்சாய்: வகையைக் கண்டுபிடிப்பதும் வளர்ப்பதும்

போன்சாய், அதாவது தொட்டியில் மரத்தைக் குட்டியாக வளர்க்கும் கலை, பழக எல்ம் நல்ல மரம். வெட்டினால் தளிர்க்கும், வேரைக் குறைத்தாலும் தாங்கும். ஒரே சிக்கல், சைபீரிய எல்மைச் சீன எல்ம் என்று விற்பதும் உண்டு. அதனால் பெயர்ச்சீட்டை நம்பாமல் மரத்தையே பாருங்கள்.

1. முதலில் இலையின் அடி. காம்போடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் சற்றுக் கீழேயும் முடிந்தால் பெரும்பாலும் எல்ம்தான். இரண்டும் சமமாகச் சேர்ந்தால் அதன் உறவான செல்கோவாவாக இருக்கலாம். ஆனால் சைபீரிய எல்மிலும் இந்தக் கோணல் மிகக் குறைவு, எனவே அவசரப்பட வேண்டாம்.

2. அப்புறம் அளவும் விளிம்பும். சீன எல்ம் இலை 2 முதல் 5 செ.மீ., விளிம்பில் ஒற்றைப் பற்கள். அமெரிக்க எல்ம் 7 முதல் 15 செ.மீ., பெரிய பல்லின் மேலேயே குட்டிப் பற்கள் இருக்கும். சின்னத் தொட்டிக்கு அது சரிவராது என்பது என் எண்ணம். இலை சிறியதாகவும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால் சீடார் எல்மாக இருக்கலாம்.

3. பட்டையும் பூவும். வயதான சீன எல்மின் பட்டை செதிலாக உரிந்து, உள்ளே ஆரஞ்சுத் திட்டுகள் தெரியும் (தக்கைப்பட்டை ரகங்கள் விதிவிலக்கு). சைபீரிய எல்மின் பட்டை நீளவாக்கில் வெடிக்கும். இன்னும் சந்தேகமா? சீன எல்ம் கோடை முடிவிலோ இலையுதிர்காலத்திலோ பூக்கும். சைபீரிய எல்ம் வசந்தத்தில், இலை வருவதற்கு முன்பே பூத்துவிடும்.

4. புதுச் செடிக்கு விதை தேட வேண்டாம், வேர்த்துண்டு போதும். வசந்தத்தில் மொட்டு விரியும் முன் தொட்டி மாற்றும்போது வெட்டி எறியும் வேர்களில் பென்சில் பருமனானவற்றை 8 செ.மீ. அளவில் நறுக்குங்கள். அடிமரத்துப் பக்கம் இருந்த முனை மேலே வர வேண்டும். தலைகீழாக நட்டால் தளிர் வருவது கடினம். அதனால் வெட்டும்போதே மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டிக்கொள்வது நல்லது. மேல்முனை மண்ணுக்கு வெளியே கொஞ்சம் தெரியட்டும். நீர் தேங்காத கலவை, நிழல், காயாத ஈரம் போதும்.

5. தளிர் 6 முதல் 8 இலை விட்டதும் 2 இலைக்குக் குறையுங்கள். கடைசி இலை பார்க்கும் திசையில்தான் அடுத்த கிளை போகும். அடிமரம் பருக்க வேண்டுமானால் வெட்டாமல் ஓடவிடுங்கள். கிளையை வளைக்கக் கம்பி கட்டினால் அடிக்கடி பாருங்கள், எல்ம் பட்டையில் சீக்கிரம் பதிந்துவிடும். சீன எல்மின் குட்டி ரகமான ஹொக்கைடோவின் கிளைகள் சட்டென முறியும், அதற்குக் கத்தரி மட்டும் போதும்.

வெளிச்சமான ஜன்னலோரம் சீன எல்ம் சமாளிக்கும். சைபீரிய, அமெரிக்க எல்ம்களுக்குக் குளிர்கால ஓய்வு தேவை, அவற்றை வெளியிலேயே வையுங்கள்.