கதையைக் கேட்கும் முன் கதவைக் காட்டுங்கள்

மனிதக் கடத்தலிலிருந்து மீண்டவர்கள் தங்கும் காப்பகத்தில் ஆலோசகராக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது நாற்காலியைப் பற்றித்தான்.

வந்தவருக்கு வாசல் கண்ணில் படவேண்டும். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் நீங்கள் உட்காராதீர்கள். "எங்கே உட்காருகிறீர்கள்? கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா?" என்று கேளுங்கள். எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்பதைக்கூட வேறொருவர் முடிவு செய்த இடத்திலிருந்து வந்திருக்கிறார். பதில் சொல்ல நேரமாகும். காத்திருங்கள், அவருக்காக நீங்கள் முடிவெடுத்துவிடாதீர்கள்.

முதல் நாளில் தேவை சாப்பாடு, உள்ளே தாழ்ப்பாள் உள்ள குளியலறை, வலி இருந்தால் மருத்துவர். நடந்ததையெல்லாம் அன்றே கொட்டித் தீர்த்தால் மனம் லேசாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்கிறது.

அவராகப் பேசத் தொடங்கும்போது கதை முன்னுக்குப் பின் முரணாக வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணிடம், "போன வாரம் வேறு மாதிரி சொன்னீர்களே?" என்று கேட்டுவிட்டேன். மூன்று வாரம் அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. உயிர்ப்பயத்தில் நடந்தவை பல நேரம் நினைவில் வரிசையாக நிற்பதில்லை. ஒரு வாசனை, ஒரு சத்தம் என்று துண்டு துண்டாக நிற்கும். இப்போதெல்லாம் "வேறு ஏதாவது ஞாபகம் வருகிறதா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பேச்சின் நடுவே பார்வை எங்கோ நிலைகுத்தினால் கேள்விகளை விடுங்கள். மெதுவாகப் பெயர் சொல்லி அழைத்து, அறையில் தெரியும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள். பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் தோளைக்கூடத் தொடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர் அவருடைய ஊர்க்காரர் என்றால், சம்மதமா என்று தனியாகக் கேளுங்கள். விஷயம் ஊருக்குப் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். கூடவே வந்த 'உறவினரை' மொழிபெயர்க்க விடவே விடாதீர்கள்.

"சம்மதித்துத்தானே போனார்?" என்று யாராவது கேட்பார்கள். மிரட்டியோ ஏமாற்றியோ சுரண்டியிருந்தால் அந்தச் சம்மதம் கணக்கில் வராது என்று மனிதக் கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறை சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் மிரட்டியதாகவோ ஏமாற்றியதாகவோ நிரூபிக்கக்கூடத் தேவையில்லை.

சிலர் கடத்தியவரிடமே திரும்பிப் போவார்கள். கடன், மிரட்டல், பாசம், எதுவும் காரணமாக இருக்கலாம். போகும்போது தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்யவைத்து அனுப்புங்கள். மறுபடி வந்தால், ஏன் போனீர்கள் என்று கேட்காமல், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.